பணிஸுக்குரிய நோன்பு

எழுத்தில் 'கெ' என்று தொடங்கி
வாயில் 'ஷெ' என்று விழும் பேர்.
ஷெஷ்டின்.
உம்மா இரண்டு நாள் முயன்றுவிட்டு
ஜெஸ்மின் ஆக்கிப்போட்டா.
நிந்தவூரில் நாலாம் நாள்
அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கிறா அவ.

செவ்வாய்க்கிழமை. வயலில் கட்டிங் மெசின்.
வைக்கோல் தூசு ஜன்னல் கம்பியால் நுழைந்து
மேசை, வாளி, தூர்பியோனின் மூக்குக்கண்ணாடி
எல்லாவற்றிலும் குந்தியிருக்கிறது.
"எங்கட ஊரில் இண்டைக்கு ஒரு பணிஸ் தின்னும் நாள்"
என்று கையை மடித்துக்கொண்டு
குசினிக்குள் வந்தா ஷெஷ்டின்.

பேக்கரிப் பணிஸை மணந்து பார்த்தா. ஏலமில்லை.
வட்டிலப்பத்துக்கு வைத்திருந்த ஏலத்தை
உம்மா டின்னோடு தூக்கிக் கொடுத்தா.
பாதாம் விலைக்குக் கஜு போதும்.
கல்முனை வரைக்கும் தேடியும்
அவ கேட்ட கிறீம் இல்லை.
சம்மாந்துறைச் சட்டித் தயிரின் மேலாடையை
கரண்டியால் வழித்து, சீனி போட்டு
அடித்தா அடித்தா, தோள் நோகுமட்டும்.
பணிஸின் தலையை வெட்டி, உள்ளே கஜு, மேலே ஆடை,
வெட்டிய தலை திரும்பவும் மேலே.
"தொப்பி போட்ட பணிஸ்" என்றான் தம்பி அஸ்ரிப்.

ஏன் இண்டைக்கு, என்று கேட்டா உம்மா.
முன்னொரு காலம் இதற்குப் பிறகு
நாற்பது நாள் நோன்பாம், நான் மொழிபெயர்த்தேன்.
"இப்ப நோன்பு?"
மீசையில் ஆடையோடு தூர்பியோன் சொன்னார்:
நோன்பை விட்டிட்டம். பணிஸை விடல்ல.

முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தா உம்மா.
சிரித்து முடித்து, கொஞ்ச நேரம் கழித்து,
"பாவம்" என்றா,
"பணிஸ் தனியாயெல்லோ நிக்குது."

நான் அவர்கள் வீட்டில் இருந்த வருடம்
நோன்பு ஆனியில் வந்தது.
ஊமெயோவில் ஆனிச் சூரியன்
போகவா வேண்டாமா என்று
இரவு பதினொன்றுக்குக் கால்மணி இருக்குமட்டும்
பிர்ச் மரங்களுக்குள் நின்று யோசிக்கும்.
ஆறு மணிக்கு உண்ணும் வீடு அது.
அந்த மாதம் ஒன்றும் சொல்லாமல்
தன் பீங்கானையும் பதினொன்றுக்குத் தள்ளிவைத்தா ஷெஷ்டின்.
ஜன்னலடியில் கம்பளி பின்னிக்கொண்டு
எனக்காகச் சூரியனைக் காவல் பார்த்தா.
வருடத்தின் முதல் உருளைக்கிழங்கு,
அவித்து, சோயிக்கீரை தூவி,
துணியால் மூடி,
எனக்குமுன் ஒருவரும் தொடாமல்.
தூர்பியோன் மட்டும்
விறகுக் கொட்டிலுக்குள் போய் ஏதோ தின்பார்.
மணம் வரும்.
இதுவரை நான் அதை யாருக்கும் சொன்னதில்லை.

செவ்வாய் பிறை தெரியவில்லை.
புதன் தெரிந்தது.
"நானும்" என்றா ஷெஷ்டின்.

சஹருக்கு எழுப்பமுன் எழும்பியிருந்தா.
ஃபிரிட்ஜில் மிஞ்சிய கடைசிப் பணிஸை,
தயிர் லேசாகப் புளித்துப்போனதை,
அவமுன் வைத்தா உம்மா.
"இப்பத் தின்னுங்க.
இப்பத்தான் இதுக்குப் பின்னால நோன்பு இருக்கு."
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அவ தின்றா.

பகல் இரண்டு மணிக்கு
விறாந்தைச் சீமெந்தில் கன்னத்தை வைத்துக் கிடந்தா.
தூர்பியோன் கோழிக்கூட்டுக்குப் பின்னால்
வாழைப்பழத்தோடு நின்றதை
உம்மா கண்டா.
கண்டுவிட்டு, கோழிக்குக் குறுநெல் போட வந்தவபோல்
இரண்டு கைப்பிடி வீசிவிட்டுத் திரும்பினா.

ஆறு மணிக்குக் கம்பளிப் பையோடு
மேற்கு ஜன்னலடிக்கு வந்தா ஷெஷ்டின்,
நீண்ட காவலுக்கு ஆயத்தமாக.
நான் கஞ்சி வார்த்தேன்.
ஒரு வரி பின்னியிருப்பா.
ஆறு பதினாலு. பாங்கு.
ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தா.
வெட்டிய வயலுக்கு மேல் ஒன்றுமில்லை.
"இவ்வளவுதானா?"

கையில் பேரீச்சம்பழம்.
மிச்ச நாலரை மணித்தியாலத்தை
ஆரோ எடுத்துக்கொண்டு ஓடியதுபோல
இருட்டைப் பார்த்தபடி இருந்தா.
"தின்னுங்க ஜெஸ்மின்" என்றா உம்மா,
"அது போயிட்டு."